நைனாவுக்காகப் போன படிப்பு

உத்திரமேரூரிலிருந்து உக்ரைனுக்கு நான் டாக்டருக்குப் படிக்கப் போனது நைனாவின், என் அப்பாவின், ஆசைக்காகத்தான். நான்காம் வருடம் போர் வந்துவிட்டது. விடுதியின் அடித்தளத்தில் பதுங்கியிருந்தோம். அங்கே, ஜன்னல் கண்ணாடி உடைந்து கை கிழிந்த ஒரு பெண்ணைத் தூக்கி வந்தார்கள். ரத்தம் கொட்டியது. டாக்டர் யாரும் இல்லை. என் துப்பட்டாவை மடித்துக் காயத்தில் அழுத்தினேன். வெளியே குண்டு விழுந்து சுவர் அதிர்ந்தது. மற்றவர்கள் இன்னும் உள்ளே தள்ளி ஓடினார்கள். எனக்கும் பயம்தான், ஆனால் கையை எடுக்கவில்லை. ஆம்புலன்ஸ் வருவதற்குள் ரத்தம் நின்றிருந்தது.

ஊர் திரும்பியதும் நைனா அழுதார். "உசுரோட வந்துட்டியே, அது போதும். டாக்டரும் வாணாம், ஒண்ணும் வாணாம்."

"ஒனக்காகத்தான் போனேன் நைனா. இப்ப எனக்கே வோணும்."

மீதிப் படிப்பை முடிக்க வேறொரு நாட்டுக்குக் கிளம்பினேன். விமான நிலையம்வரை நைனாவே என் பெட்டியைத் தூக்கி வந்தார். நான் உள்ளே போகும்போது, "பாத்துப் போ, டாக்டரு" என்றார்.

நானாக எடுத்த முதல் முடிவு அதுதான். இன்றுவரை அதற்காக வருந்தியதில்லை.