எழுந்து போகாத மெர்சி அக்கா

மெர்சி அக்காவின் மகள் அனிதா வழக்கம்போல் ஆங்கிலத்தில்தான் சொன்னாள். "ஆன்ட்டி, அம்மா பாஸ்ட் அவே திஸ் மார்னிங்." சற்று இடைவெளி விட்டு, தமிழில் ஒரே ஒரு வார்த்தை: "தூக்கத்துல." டெக்சாஸின் காப்பெல் ஊரிலிருந்து வந்த அந்த அழைப்பை, கலிபோர்னியாவின் சன்னிவேலில் என் சமையலறையில் நின்றபடி கேட்டேன். மெர்சி அக்காவை அறிந்தவர்கள் இந்த நாடு முழுக்கச் சிதறியிருக்கிறோம். உங்களில் சிலருக்கு அவர் ஆஸ்பத்திரி லேபில் உடன் வேலை செய்தவர். சிலருக்குச் சர்ச் பாடகர் குழுவில் பக்கத்தில் நின்றவர். எனக்கு, நியூ ஜெர்சியில் எதிர் அப்பார்ட்மெண்ட்காரர்.

எண்பதுகளின் பிற்பகுதி அது. எங்கள் பக்கத்தில் பொட்டு வைத்த பெண்களைக் கண்டால் சில இளைஞர்கள் வம்புக்கு வருவார்கள். அடி விழுந்த கதைகளும் காதில் விழுந்துகொண்டிருந்தன. ஒரு சனிக்கிழமை மதியம், மளிகைக் கடையிலிருந்து நானும் அக்காவும் சாமான் வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தோம். பார்க்கிங்கில் நின்றிருந்த நான்கு பேரில் ஒருவன் என் நெற்றியைச் சுட்டிக்காட்டி ஏதோ கத்தினான். இன்னொருவன் எங்கள் சாமான் வண்டியைக் காலால் உதைத்தான். நான் ஓடப் பார்த்தேன். நாகர்கோவில் கிறிஸ்தவரான அக்கா பொட்டு வைப்பதில்லை. அவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் விலகியிருக்கலாம். என் முழங்கையை இறுகப் பிடித்தார்.

"ஓடாத மக்கா. கார் வரைக்கும் நடந்தே போவோம்."

நடந்தோம். அவர்கள் பின்னால் வந்தார்கள். சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். எல்லோரும் பார்த்தார்கள், ஒருவரும் அசையவில்லை. அப்போது பீட்சா கடைக்காரர் மாவுக் கையோடு வெளியே வந்து, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். நான்கு பேரும் தயங்கி நின்றுவிட்டார்கள். காரைக் கிளப்பும் முன் அக்கா அவருக்கு நன்றி சொன்னார். "வீட்டுக்குப் போங்க, போங்க" என்று அவர் எரிந்து விழுந்தார்.

"திட்டுற மாதிரியே பேசுறான். ஆனா நாம கிளம்புற வரைக்கும் உள்ள போகல, பாத்தியா?" என்றார் அக்கா.

அன்று மாலை என் கணவர், "பொட்ட எடுத்துடேன் வசந்தி, எதுக்கு ரிஸ்க்?" என்றார். அக்காவிடம் போய்க் கேட்டேன். "எடுக்குறதும் வைக்கிறதும் உன் இஷ்டம். அதுல நான் தலையிட மாட்டேன்" என்றார். நான் எடுத்துவிட்டேன். அதற்காக அவர் என்னை ஒரு நாளும் குத்திக் காட்டியதில்லை.

சில மாதங்களில் அவர் கணவரின் வேலை மாறி டெக்சாஸ் போனார்கள். போனில் அக்காவுக்கு ஒரே உற்சாகம். "இங்க எல்லாரும் ஹலோ சொல்றாங்க மக்கா. கார்ல போறவங்ககூட கைய ஆட்டுறாங்க. நீங்களும் வந்துருங்க." நியூ ஜெர்சியில் பக்கத்து வீட்டுக்காரர் லிஃப்டில் கூட முகம் கொடுக்கமாட்டார். ஆசையாக இருந்தது. இடம் பார்த்து வரலாமென்று கோடையில் கிளம்பினேன்.

அக்கா சொன்னது பொய்யில்லை. நான் போய் இறங்கிய அன்றே பக்கத்து வீட்டுக் கேரல் சுடச்சுட ஆப்பிள் பை செய்து எடுத்துவந்தாள். மறுநாள் குடியிருப்பின் பொது நீச்சல் குளத்துக்குப் போனோம். ஆறு வயது அனிதா குதித்தாள். ஒரு தாய் சிரித்துக்கொண்டே தன் பிள்ளையைக் கரைக்குக் கூப்பிட்டாள். பிறகு இன்னொருத்தி. கடைசியில் கேரலும் தன் மகனுக்குத் துண்டை விரித்தாள். குளத்தில் அனிதா மட்டும். "மம்மி, வேர் டிட் எவ்ரிபடி கோ?"

எனக்குக் காது சூடேறியது. "அக்கா, வாங்க போயிடலாம்."

"நான் எதுக்கு எந்திரிக்கணும்?" என்றவர், கேரலைப் பார்த்துக் குரலை உயர்த்தாமல் ஆங்கிலத்தில் கேட்டார்: "ஏன் எல்லாரும் போறீங்க, கேரல்?"

"பசங்க தூங்கற நேரம், ஹனி" என்றாள் கேரல். சிரிப்பு மாறவில்லை.

"சரி, எழுந்ததும் கூட்டிட்டு வா. நாங்க இங்கதான் இருப்போம்."

பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, தண்ணீரில் காலை விட்டு உட்கார்ந்தார். அந்த மதியம் நகரவே இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. எதிர் வீட்டு ஜன்னலில் திரை விலகி மூடியது. யாராவது வந்து எங்களைப் போகச் சொல்வார்களோ என்று நான் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அனிதா வீட்டுக்குப் போகலாம் என்று சிணுங்கினாள். "கொஞ்ச நேரம் கண்ணு" என்றார் அக்கா, குளத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

கேட் திறந்தது. கேரலின் மகன் ஓடிவந்து தொப்பென்று குதித்தான். பின்னால் வந்த கேரல் தூரத்து நாற்காலியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்துவந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, அக்கா பக்கத்தில் தண்ணீரில் காலை வைத்தாள்.

"தண்ணி சூடா இருக்கு."

"ஆமா" என்றார் அக்கா. அவ்வளவுதான் பேச்சு.

"அவ ஒரு சாரி கூட சொல்லலையே?" என்று வீட்டுக்கு வந்ததும் பொரிந்தேன்.

"சொல்லியிருந்தா நான் பரவால்லன்னு சொல்லணும். எனக்குப் பரவால்லன்னு இல்லையே, மக்கா."

மற்ற தாய்மார்களில் இருவர் அந்த வாரமே வந்தார்கள். ஒருத்தி, அனிதா இருக்கும் நேரத்தில் கடைசிவரை வரவில்லை என்று பின்னால் அக்கா சொன்னார்.

நாங்கள் டெக்சாஸ் போகவில்லை. சன்னிவேல் வந்தோம். இங்கே யாரும் முறைப்பதில்லை, கையாட்டுவதுமில்லை. எனக்கு அதுவே போதுமென்றிருந்தது. அடுத்த ஆண்டு அக்கா வந்தபோது எல் கமீனோ ரியல் சாலைக் கடையொன்றில் இட்லி சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். படியேறும்போது, "பக்கத்து வீட்டுல யாரு?" என்றார். தெரியவில்லை என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

"பயந்துபோனவளுக்கு யாரும் கண்டுக்காத ஊரு நல்ல ஊருதான். கொஞ்ச நாள் இப்படியே இரு. அப்புறம் கதவத் தட்டு."

அவர் டெக்சாஸுக்குத் திரும்பி வெகுநாள் கழித்துத் தட்டினேன். உள்ளே காலடிச் சத்தம் கேட்டு நின்றது, கதவு திறக்கவில்லை. திரும்பிவிடலாமா என்றிருந்தது. கடைசியில் சங்கிலியை எடுக்காமல் ஒரு வியட்நாமியப் பெண் எட்டிப் பார்த்தாள். "என்ன ஆச்சு? ஏதாவது பிரச்சினையா?" என்றாள். அவள் முகத்தில் இருந்த பயம் எனக்கு நன்றாகத் தெரிந்த பயம். ஒன்றுமில்லை, பெயர் கேட்க வந்தேன் என்றேன். கதவு மூடியது. பிறகு சங்கிலி கழலும் சத்தம்.

மெர்சி அக்காவிடமிருந்து எனக்கு வந்தது இதுதான்: கேட்டுவிட்டு, பதில் வரும்வரை அங்கேயே இருப்பது. எனக்கு அவ்வளவு நன்றாக வராது. இப்போதும் உள்ளங்கை வியர்க்கிறது. ஆனால் நிற்கிறேன்.