இடப்பக்கம் நகராத திரை

குவைத்தில் சண்டை தொடங்கி ஆளாளுக்குத் தப்பித்து வந்த சமயத்தில் என் அண்ணனும் வந்து சேர்ந்தான். அங்கே ஆறு வருஷம் லாரி ஓட்டியவன். பாலைவனத்தைத் தாண்டி, ஜோர்டான் எல்லையில் கூடாரத்தில் கிடந்து, விமானத்தில் பம்பாய் வந்து, அங்கிருந்து ரயிலேறி பாளையங்கோட்டை வீட்டு வாசலில் நின்றபோது அம்மாவுக்கே அவனை அடையாளம் தெரியவில்லை. உடுத்தியிருந்த உடுப்பைத் தவிர அவன் கையில் இருந்தது ஒரு தோள்பை. அதற்குள் வேறு துணிமணி இல்லை. ஒரு துண்டில் சுற்றிய டிவி கேம் இருந்தது.

எனக்கு அப்போது இருபத்தொரு வயது. பி.எஸ்ஸி. முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். அப்பா இல்லை. அம்மாவும் நானும் மட்டுமே இருந்த வீட்டில் அண்ணன் வந்ததும் கலகலப்பு வரும் என்று நினைத்தேன். வரவில்லை. மூன்று நாள் தூங்கினான். நாலாம் நாள் காலையில் எழுந்து, பல்கூடத் தேய்க்காமல், பையிலிருந்த அந்தச் சாமானை எடுத்து எங்கள் கறுப்பு வெள்ளை டிவியில் மாட்டினான்.

"ஏட்டி, இங்கன வந்து உக்காரு. இது ரெண்டு பேரு விளையாடுத ஆட்டம்," என்றான்.

அன்றிலிருந்து ஏறத்தாழ எட்டு மாதம் அந்த ஆட்டத்தை நாங்கள் ஆடினோம். கூட ஒரே ஒரு கேசட்தான் இருந்தது. அதன் மேல் எழுதியிருந்தது எந்த மொழி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பறக்கும் அங்கி போட்ட இரண்டு வீரர்கள், எரிகிற ஒரு நகரம், எதிரே ஒரு கூட்டம் ரவுடிகள். அவ்வளவுதான் கதை. ஆனால் எட்டு மாதம் ஒரு காரியத்தைச் செய்தால் அதன் நல்லதும் கெட்டதும் தெரிந்துவிடும் அல்லவா. அந்த ஆட்டத்தைப் பற்றி என்னைப் போல் விவரமாகச் சொல்ல திருநெல்வேலி ஜில்லாவிலேயே வேறு ஆள் இருந்திருக்க முடியாது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பொத்தானை அமுக்கிய கணமே குத்து விழும். அதில் கள்ளத்தனம் கிடையாது. குத்து பட்டவன் லேசாகப் பின்னால் சரிந்து, ஒரு நொடி நின்று, பிறகு விழுவான். அந்த ஒரு நொடியில் நம் கைக்கே கனம் தெரியும். தெருவில் நிற்கிற காரைத் தலைக்கு மேல் தூக்கி எறியலாம். முதல் தடவை நான் தூக்கி எறிந்தபோது என்னை அறியாமல் சத்தம் போட்டேன். அடுக்களையிலிருந்து அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள். மூன்றாம் கட்டத்துப் பாட்டு நன்றாக இருக்கும். அரிசி களையும்போதெல்லாம் அதை முனகுவேன். எல்லாவற்றையும்விட, இரண்டு பேர் ஒரே திரையில் சேர்ந்து ஆடலாம். ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்ள முடியாது. அண்ணனோடு அவ்வளவு பக்கத்தில் நான் சின்ன வயசில்கூட உட்கார்ந்ததில்லை.

கெட்டது நிறைய. ரவுடிகளுக்கு மொத்தமே நாலு முகம்தான். முதல் தெருவில் செத்தவன் ஐந்தாம் தெருவிலும் வருவான். வீரன் பறப்பான் என்று பேரே தவிர, ஐந்தாறு எண்ணுவதற்குள் கீழே விழுந்துவிடுவான். பறக்கிற திசையையும் மாற்ற முடியாது. ஒருவனுக்கு நீலச் சட்டை, மற்றவனுக்குச் சிவப்பு என்று கேசட் படத்தில் இருந்தது. எங்கள் டிவியில் இரண்டும் சாம்பல் நிறம். பாதி நேரம் நான் அண்ணனுடைய ஆளை என் ஆள் என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். என் ஆள் மூலையில் அடி வாங்கிச் சாவான். நடுவில் கரண்ட் போனால் மறுபடி முதல் தெருவிலிருந்து தொடங்க வேண்டும். அந்த வருஷம் கரண்ட் போகாத நாள் ஏது?

இன்னொரு குறை உண்டு. எரிகிற கட்டிடங்களின் ஜன்னலில் ஆட்கள் நின்று கையை ஆட்டுவார்கள். பறந்து போய்த் தொட்டால் இறங்கிவிடுவார்கள். கொஞ்சம் புள்ளிகள் கிடைக்கும். தொடாமல் போனாலும் ஆட்டம் ஒன்றும் சொல்லாது. திரை வலப்பக்கமாக நகர்ந்துகொண்டே போகும். நகர்ந்தபின் திரும்பிப் போக முடியாது. விட்டவர்கள் விட்டவர்கள்தான்.

எனக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. அண்ணனுக்கோ ஒரு ஜன்னலையும் விடக்கூடாது. ரவுடிகள் பின்னால் வந்து அடித்தாலும் அங்கேயே குதித்துக்கொண்டிருப்பான். அதனாலேயே நாங்கள் கடைசிக் கட்டத்தைப் பார்த்ததில்லை. ஒரு நாள் மத்தியானம் நான் அவசரப்பட்டு முன்னால் நடந்துவிட்டேன். திரை நகர்ந்து, கையாட்டிக்கொண்டிருந்த ஒருவன் இடது ஓரத்தில் பாதி உடம்பாகி, இல்லாமல் போனான். அண்ணன் தன் ஆளை இடப்பக்கம் திருப்பி, திரையின் ஓரத்தில் முட்டினான். வீரன் நின்ற இடத்திலேயே நடந்தான். ரவுடிகள் வந்து அடித்தார்கள். அண்ணன் பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை. கட்டைவிரல் நகம் வெளுத்துவிட்டது.

"அண்ணே, அவன் போயிட்டான். விடு," என்றேன்.

"வருவான். கொஞ்சம் நின்னா வந்துருவான்."

"ஆட்டத்துல அப்படிக் கெடையாதுண்ணே."

அவன் அழுகிறான் என்பது எனக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது. நான் போய் டிவியை அணைத்தேன். அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். அப்போதுதான் சொன்னான்.

அந்த டிவி கேம் அவனுடையதே இல்லை. அவனோடு அதே கம்பெனியில் லாரி ஓட்டிய, கடலோரத்து உவரிக்காரன் ஒருவன், தன் தம்பிகளுக்காக வாங்கி வைத்திருந்தது. இருவரும் ஒரே அறையில் ஆறு வருஷம் இருந்தவர்கள். ஒன்றாகத்தான் தப்பித்து எல்லைக்கு வந்தார்கள். அங்கே கூடாரத்தில் உவரிக்காரனுக்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்து எழுந்து நிற்க முடியாமல் போயிற்று. எட்டாம் நாள் விமான நிலையத்துக்குப் போகும் பஸ்ஸில் இருவர் பெயரையும் கூப்பிட்டார்கள். படுத்துக் கிடப்பவனை ஏற்ற மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

"நீ போலே, நான் பொறவு வாரேன், இதைத் தம்பிமாருட்ட குடுத்துருன்னு பையைத் தந்தான். போகச் சொல்லி வாய் சொல்லிச்சு. கை என் சட்டையைப் பிடிச்சுக்கிட்டு இருந்துச்சு, பிள்ளே. நான்தான் அந்தக் கையை எடுத்து விட்டேன். மறுநாளும் பஸ்ஸு உண்டு. ஒரு நாள் நின்னுருக்கலாம்."

"அவுக வீட்டுக்குப் போனியா?"

"எந்த மூஞ்சியோட போக?"

நான்தான் வற்புறுத்தினேன். இருபத்தொரு வயசில், உண்மையைச் சொல்லிவிட்டால் மனசு லேசாகிவிடும் என்று நினைத்தேன். உவரிக்காரன் ஊருக்கு வந்து நலமாகக்கூட இருக்கலாம் என்றேன். அடுத்த வாரம் இருவரும் அந்தப் பையோடு திசையன்விளை வழியாக உவரிக்குப் பஸ் ஏறினோம். வழியெல்லாம் பனை. அண்ணன் பையை மடியிலேயே வைத்திருந்தான்.

மாதா கோயில் பக்கத்தில் விசாரித்ததும் வீட்டைக் காட்டிவிட்டார்கள். காட்டியவர் முகத்திலேயே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. உள்ளே சுவரில் அவன் படம் மாட்டி மாலை போட்டிருந்தது. அவன் அம்மா மீன் கழுவிய கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அண்ணன் பேரைச் சொன்னதும், "எய்யா, நீயா? காயிதத்துல எல்லாம் ஒன்னையத்தான் எழுதுவான்," என்று அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

அண்ணன் பையைக் கொடுத்தான். அவர் பிரித்துப் பார்த்தார்.

"இது என்னய்யா?"

"டிவில மாட்டி விளையாடுதது. தம்பிமாருக்குன்னு வாங்கினான்."

"அவனுவ வளந்துட்டானுவய்யா. ரெண்டு பேரும் கடலுக்குப் போயிருக்கானுவ." அந்த வீட்டில் டிவியும் இல்லை. அவர் அதைத் துண்டிலேயே சுற்றி, படத்துக்குக் கீழே வைத்தார்.

பிறகு ஒரு கடிதத்தை எடுத்து வந்தார். ஆங்கிலத்தில் இருந்தது. மூன்று மாதத்துக்கு முன்னால் வந்ததாம். பங்குச் சாமியார் வாசித்துச் சொன்னாராம். அண்ணன் வாங்கி என்னிடம் தந்தான். எல்லைக்கு அந்தப்பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் இறந்ததாகவும், அங்கேயே அடக்கம் செய்ததாகவும் இருந்தது. தேதியும் இருந்தது. நான் மனசுக்குள் கணக்குப் பார்த்தேன். அண்ணன் ஊருக்கு வந்த நாலாம் நாள். அவன் எங்கள் டிவி முன்னால் உட்கார்ந்து, இங்கன வந்து உக்காரு என்று என்னைக் கூப்பிட்ட நாள். அவனும் என் தோளுக்கு மேலே அந்தத் தேதியை வாசித்துவிட்டான் என்று அவன் மூச்சிலிருந்து தெரிந்தது. நண்பன் பஸ் போன பிறகு ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடு இருந்திருக்கிறான்.

அந்த அம்மா கேட்டார்: "எய்யா, ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு. கடைசில எம்புள்ளைகூட யாரும் இருந்தீயளா? தனியாவா கெடந்தான்?"

உண்மையைச் சொல்லத்தான் வந்தோம். நான் அண்ணனைப் பார்த்தேன்.

"நான் இருந்தேம்மா," என்றான். "என் மடியிலதான் தலை வச்சிருந்தான்."

அந்த அம்மா அவன் நெற்றியில் சிலுவை போட்டார். அவன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, "ஒனக்கு ஒரு கொறையும் வராதுய்யா, நீ நல்லாயிருப்பே," என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அக்கம்பக்கத்தார் வந்தார்கள். கடைசி வரை கூட இருந்தவன் என்று சொல்லிச் சொல்லி அண்ணனைத் தொட்டுப் பார்த்தார்கள். அவன் மரம்போல் நின்றான்.

திரும்பி வரும் பஸ்ஸில், "ஏன் அப்படிச் சொன்னே?" என்று கேட்டேன்.

"நீயா இருந்தா என்ன சொல்லியிருப்பே?" என்றான்.

வருஷ நினைவுப் பூசைக்கு அவனைக் கூப்பிட்டு ஆள் அனுப்பினார்கள். போனான். முதல் வரிசையில், வீட்டு ஆட்களோடு உட்கார வைத்தார்களாம். வந்து நாலு நாள் காய்ச்சலில் கிடந்தான். அதற்கடுத்த வருஷம் பூசைக்கு இரண்டு மாதம் முன்பே, வடக்கே நாக்பூர் பக்கம் லாரி வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டான். முதலில் கடிதம் வந்தது. பிறகு பொங்கலுக்கு மட்டும் வந்தது. பிறகு அதுவும் நின்றது. கடைசியாக எழுதிய விலாசத்துக்கு அம்மா இறந்த தந்தியை அனுப்பினோம், அவன் வரவில்லை. தந்தி போய்ச் சேர்ந்ததா என்றும் தெரியவில்லை.

அவனைத் தேடி வந்தது உவரி அம்மா மட்டும்தான். எனக்குக் கல்யாணமாகிப் பக்கத்துத் தெருவிலேயே குடியிருந்தேன். வருஷம் ஒரு தடவை பஸ் ஏறி வருவார். நாங்கள் சைவம் என்று கருவாட்டை விட்டுவிட்டுக் கருப்பட்டி கொண்டு வருவார். அண்ணன் இல்லை என்றதும் என்னிடம் கேட்பார்.

"கடைசில எம்புள்ள என்ன சொன்னான்னு அண்ணன் ஒன்ட்ட சொல்லியிருப்பாம்லா, மக்கா?"

முதல் தடவை, "அம்மான்னு சொன்னாராம்," என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, காப்பி குடித்துவிட்டுப் போனார். மறுவருஷம் வந்து, வேறு எதுவும் சொன்னானா என்று கேட்டார். தம்பிகளை விசாரித்தாராம் என்றேன். அதற்கும் மறுவருஷம், தண்ணீர் கேட்டானா, கொடுத்தீர்களா என்று கேட்டார். கொடுத்தோம் என்றேன். நான் அந்த இடத்துக்கே போகாதவள் என்பது அவருக்கும் மறந்துவிட்டது, எனக்கும் மறந்துவிட்டது. அண்ணன் ஒரு பொய் சொன்னான். நான் ஏழு வருஷம் சொன்னேன்.

எட்டாவது வருஷம் அவர் வரவில்லை. உவரிக்குப் போய் என்ன ஆயிற்று என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பஸ் நாள்தோறும் போய்க்கொண்டுதான் இருந்தது.