பலகையில் எட்டுப் பேர்

கிடங்கில் அவரை யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. 'பைனல்' என்றால்தான் திரும்பிப் பார்ப்பார். சாப்பாட்டு நேரத்தில் எந்தப் பேச்சை எடுத்தாலும், எண்பதுகளில் வந்த ஏதாவது ஒரு சண்டைப் போட்டிப் படத்தின் கடைசிச் சண்டையில் கொண்டுபோய் நிறுத்திவிடுவார். வயது நாற்பத்தெட்டு. பிரிட்ஜும் வாஷிங் மெஷினும் தூக்கி லாரியில் ஏற்றுகிற வேலை. கல்யாணம் ஆகவில்லை. அக்கா வீட்டு மாடி அறையில் ஒரு பழைய வீடியோ பிளேயரும் பதினோரு கேசட்டுகளும் வைத்திருந்தார். எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே கதைதான். எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருவார்கள், சுவரில் பெயர்ப் பலகை தொங்கும், தோற்றவன் பெயரை அடிப்பார்கள், கடைசியில் இரண்டு பேர் மிஞ்சுவார்கள்.

"உனக்கு அலுக்கவே அலுக்காதாடா?" என்று அக்கா ஒருமுறை கேட்டாள்.

"இதுல எவன் நம்மள அடிக்கிறான்னு தெரியும்க்கா. மணி அடிச்சப்புறம்தான் அடிப்பான்."

அக்காவுக்குப் புரியவில்லை. அதுவரை மூன்று கம்பெனிகள் அவரை வெளியே அனுப்பியிருந்தன. அனுப்பியது யார் என்று ஒருமுறைகூட அவருக்குத் தெரிந்ததில்லை. கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கும், அவ்வளவுதான். நான்காவதாக இந்தக் கிடங்கில் சேர்த்துவிட்டவர் அக்கா புருஷன். அவரும் அங்கேயே சுமை தூக்கினார்.

ஒரு திங்கள்கிழமை மேனேஜர் சுமை தூக்கும் எட்டுப் பேரையும் கூப்பிட்டார். சரக்கு குறைந்துவிட்டதாம். சனிக்கிழமைக்குப் பிறகு நான்கு பேருக்குத்தான் வேலையாம். வெள்ளைப் பலகையில் பெயர்களை இரண்டிரண்டாக எழுதி, ஒவ்வொரு ஜோடியையும் ஒரு கோட்டால் இணைத்துவிட்டுப் போனார்.

பைனலுக்கு உடம்பு சிலிர்த்தது. இந்தப் பலகையை அவர் முப்பது வருடமாகப் பார்த்து வருகிறார். எட்டுப் பேர், நான்கு ஜோடி, ஜோடிக்கு ஒருவர் ஜெயிப்பார். அவர் பெயரிலிருந்து கிளம்பிய கோட்டின் மறுமுனையில் அத்தான் பெயர் இருந்தது. ஆனால் படத்தில் நண்பனோடு மோத நேர்ந்தாலும் கதாநாயகன் பின்வாங்குவதில்லை. ஒருவராவது மிஞ்சினால்தானே வீட்டில் அடுப்பு எரியும், அந்த ஒருவர் நானாக இருக்கிறேன் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமையிலிருந்து வேகம் பிடித்தார். பிரிட்ஜின் ஒரு முனையை அத்தான் பிடிப்பதற்குள் தன் முனையைத் தூக்கிவிடுவார்.

"மாப்ள, மெதுவாடா! பின்னாடி நாயா துரத்துது?" என்றார் அத்தான். "ரெண்டு பேரும் ஒண்ணாத் தூக்கணும். நம்மள ஜோடியாத்தான் பாக்குறாங்க, சொல்றதக் கேளு."

பைனல் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். மோதலுக்கு முன்னால் எதிராளி இப்படித்தான் இனிக்க இனிக்கப் பேசி ஆளைத் தளர்த்துவான். அதுவும் அவருக்கு அத்துப்படி.

வியாழக்கிழமை முழங்காலில் சடக்கென்றது. வெளியே சொல்லாமல் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். அடிபட்டவன்தானே கடைசியில் ஜெயிப்பான். வெள்ளிக்கிழமை லாரியில் ஏற்றச் சாய்த்து வைத்த பலகையில் அவர் முந்திக்கொண்டு இழுத்ததில் அத்தானின் பிடி நழுவியது. இரட்டைக் கதவு பிரிட்ஜ் ஒன்று சரிந்து மூலை நசுங்கியது. அந்த வாரத்தில் அவர்கள் கையில் சேதமான இரண்டாவது பொருள் அது.

சனிக்கிழமை காலை மேனேஜர் வந்து இரண்டு கோடுகளை அழித்தார். அவற்றில் ஒன்று இவர்களுடையது. இரண்டு முனைகளிலும் இருந்த பெயர்களும் போயின.

"சார், நான்தான் சார் அதிகம் தூக்கினேன்!"

"அத யாருப்பா எண்ணினா? ஜோடியா யாரு பொருள உடைக்காம ஏத்துறாங்கன்னுதான் பாத்தோம்."

உடை மாற்றும் அறையில் அத்தான் சுமை தூக்கும் தோள்வாரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். பைனல் அவர் முன்னால் போய் நின்றார்.

"அத்தான், என்னை ஒண்ணு அடிச்சிடுங்க."

அத்தான் நிமிரவில்லை. வாரை ஆணியில் மாட்டினார், சாப்பாட்டுப் பையை எடுத்தார், நடந்தார். பைனல் காலை இழுத்துக்கொண்டே பின்னால் போனார். வழியெல்லாம் பத்தடி தூரம் இருந்தது. எவ்வளவு முயன்றும் அது குறையவில்லை.

அக்கா கதவைத் திறந்தாள். நேரத்தோடு வந்த இருவரையும் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"அட, ரெண்டு பேரும் சேந்தே வந்துட்டீங்களா?"

அத்தான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். பைனல் வாசலிலேயே நின்றார்.