பத்து மீட்டர் ஆழத்தில் ரோசலின்

செவ்வாய்க்கிழமை காலை எங்கள் கம்பெனியில் லாரியில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்த நேரத்தில் ரோசலினின் கணவர் போன் செய்தார். "விஜி, ரோசலின் போய்ட்டாம்மா" என்றார். குளியலறையில் மயங்கி விழுந்தவள் எழுந்திருக்கவே இல்லையாம். எனக்கு முதலில் அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. இதைப் படிக்கும், அவளைத் தெரிந்த நீங்கள் எல்லோரும் துணிச்சல்காரி என்றுதான் சொல்வீர்கள். நான் கொஞ்சம் வேறு மாதிரி சொல்ல வேண்டியிருக்கிறது.

தரப் பரிசோதனைப் பிரிவில் எட்டு வருடம் எங்களுக்குப் பக்கத்துப் பக்கத்து மேஜை. "பாத்துட்டேன்னு சொல்லாத, என்னா பாத்தன்னு சொல்லு" என்பாள். எரிச்சலாக வரும். ஆழ்கடல் நீச்சல் வகுப்பில் போன வருடம் என்னைச் சேர்த்துவிட்டவளும் அவள்தான்.

அப்போது எனக்குப் பல் வரிசைக்குச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. கம்பி கிடையாது. கழற்றி மாட்டும் மெல்லிய பிளாஸ்டிக் உறை, போட்டிருப்பதே தெரியாது. முப்பத்தைந்து வயதில் இதெல்லாம் தேவையா என்று ஆபீஸே பேசுமே என்ற வெட்கத்தில் யாரிடமும் மூச்சு விடவில்லை. கடலில் இறங்கும்போது கழற்றி டப்பாவில் வைக்கச் சொல்லியிருந்தார் பல் டாக்டர். படகில் ஏழெட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருக்க, எச்சில் ஒழுக எதைக் கழற்றுவது? கழற்றவில்லை.

இறங்குமுன் ஜோடியாகப் போகும் இருவரும் ஒருவரையொருவர் சோதிக்க வேண்டும். பெல்ட், சிலிண்டர், குழாய் எல்லாம் இழுத்துப் பார்த்துவிட்டு, "வேற ஏதாவது இருக்காடி?" என்று கேட்டாள் ரோசலின். ஒன்றுமில்லை என்றேன்.

கீழே ஒரே கலங்கல். முன்னால் போன பயிற்சியாளர் கண்ணுக்கே தெரியவில்லை. புது உறை மாட்டி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது, பல்லெல்லாம் வலி. பயத்தில் காற்றுக்குழாயை இறுக்கிக் கடித்தேன். மேல்வரிசை உறை இரண்டாக உடைந்த சத்தம் மண்டைக்குள் கேட்டது. ஒரு துண்டு தொண்டைப் பக்கம் நழுவியது. துப்ப வேண்டுமென்றால் குழாயை எடுக்க வேண்டும், எடுத்தால் தண்ணீர். மேலே பாய்ந்துவிடக் காலை உதைத்தேன். மூச்சை அடக்கிக்கொண்டு அப்படிப் பாய்ந்தால் நுரையீரல் கிழிந்துவிடும் என்று வகுப்பில் படித்துப் படித்துச் சொன்னது ஒன்றும் நினைவில்லை.

ரோசலின் என் தோள்பட்டையைப் பிடித்து இழுத்தாள். மறு கையால் குழாயை என் வாயோடு அழுத்தினாள். கொல்லப் பார்க்கிறாள் என்றே நினைத்தேன். அடித்தேன், நகத்தால் கீறினேன். விடவில்லை. என் முகத்துக்கு நேராக மூச்சை வெளியே ஊதிக் காட்டினாள், திரும்பத் திரும்ப. குழாய்க்குள்ளேயே இருமினேன். துண்டு முன்பக்கம் வந்தது, காற்றும் வந்தது. அங்குலம் அங்குலமாக மேலே கூட்டிக்கொண்டு வந்தாள்.

படகில் இரண்டு துண்டுகளையும் துப்பினேன். "என்னாங்க, பல்லு எதுனா வுழுந்துடுச்சா?" என்றார் பிள்ளைச்சாவடிப் படகுக்காரர். ரோசலின் ஓரமாகப் போய் வாந்தி எடுத்தாள்.

"உன் பேச்சு கொழறுனப்பவே பல்லுல ஏதோ மாட்டியிருக்கன்னு தெரியும்டி. நீயா சொல்லுவன்னு இருந்துட்டேன். அழுத்திக் கேக்காதது என் தப்பு" என்றாள்.

"உனக்குப் பயமா இல்லையா?"

"பயமில்லாம? உன்ன வுட்டுட்டு மேல போயிடலாம்னு ரெண்டு தடவ தோணுச்சு."

வாயைத் துடைத்துக்கொண்டு, "பயமா இருந்தா வாயத் தொறந்து சொல்லுடி. எனக்கும் இருக்குன்னு நானும் சொல்லுவேன்ல" என்றாள்.

அதன்பின் நான் கடலில் இறங்கவே இல்லை. அவள் கொடுத்துவிட்டுப் போனது தைரியம் என்று எழுதினால் பொய். பயத்தை வாய்விட்டுச் சொல்லும் பழக்கம், அது ஒன்றுதான் அவளிடமிருந்து எனக்கு மிச்சம்.

புதன்கிழமை உப்பளம் பகுதியில் இருக்கும் அவள் வீட்டுக்குப் போனேன். பெட்டி வைத்திருந்த அறை வாசலைத் தாண்டக் கால் வரவில்லை. பக்கத்தில் சுவரைப் பிடித்தபடி ஓர் அம்மா நின்றிருந்தார். முன்பின் பார்த்ததில்லை.

"உள்ள போகப் பயமா இருக்குங்க" என்றேன்.

"எனக்கும்தாம்மா" என்றார். "நான் அவ அக்கா. காலையிலேருந்து இங்கயேதான் நிக்கறேன்."

இரண்டு பேரும் சேர்ந்து உள்ளே போனோம்.