தலைசுற்றலுக்கு அரபியில் ஒரு சொல்

பெய்ரூட்டில் ஒன்பது வருஷம் வீட்டு வேலை செய்துவிட்டு ஹாலிஎலைக்குத் திரும்பிய பிறகு, என்னைப் போல வெளிநாட்டில் வேலை பார்த்து வந்த பெண்களின் சங்கத்தில் சேர்ந்தேன். பதுளைக் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் முதலாளி ஒருவர், ஞாயிற்றுக்கிழமைகளில் கடையின் மேல்மாடியை எங்களுக்குத் திறந்துவிடுவார். அங்கேதான் ஒருநாள் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு ஆட்டோ டிரைவர் வந்து நின்றார். அவரும் பெய்ரூட்டில் இருந்தவர். எத்தியோப்பியப் பெண் ஒருத்தியை அங்கேயே கல்யாணம் பண்ணி, லயத்து வீட்டுக்குக் கூட்டி வந்திருந்தார்.

"அக்கா, அவ யாரோடயும் பேச மாட்டேங்கிறா. அரபிய விட்டா எங்க ரெண்டு பேருக்கும் வேற பாஷை கிடையாது. இப்ப வயித்துல ஏழு மாசம். நீங்க வந்து பேசுங்க."

மறுநாளே போனேன். வாசலில் பிள்ளைகள் அவள் தலைமுடியைப் பார்க்கக் கூடியிருந்தார்கள். அவர்களை விரட்டிவிட்டு உள்ளே போய், "தஆலி! யல்லா!" என்றேன். 'இங்கே வாம்மா' என்று அன்பாகத்தான் சொல்ல நினைத்தேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"மேடம் மாதிரியே பேசுறீங்க" என்றாள் அரபியில்.

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவள் சொன்னது உண்மை. வா, போ, கழுவு, சீக்கிரம். எனக்குத் தெரிந்த அரபி முழுக்க என்னை ஏவியவர்களின் அரபி.

அடுத்த வாரம் அவளைக் கிளினிக்குக் கூட்டிப் போனேன். டாக்டரம்மா யாழ்ப்பாணத்துக்காரர், பொறுமையானவர். "தலைசுத்து ஏதும் வருதோ எண்டு கேளுங்கோ" என்றார். அதற்கு அரபியில் என்ன என்று எனக்குத் தெரியவில்லை. எழுந்து நின்று கண்ணை மூடி, தள்ளாடிக் காட்டினேன். டாக்டரம்மாவே சிரித்துவிட்டார்.

"தவ்கா" என்றாள் அவள். வருவதில்லை என்று தலையாட்டினாள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தபோது அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். பெய்ரூட்டில் நான் வேலை செய்த வீட்டு மாடிப்படியில் எத்தனை தடவை எனக்குத் தலை சுற்றியிருக்கிறது! ஒருநாளாவது அதைச் சொல்ல எனக்கு ஒரு வார்த்தை இருந்ததில்லை. அவளிடம் இதைச் சொன்னேன். அவள், "உங்க ஊர்லேர்ந்து இன்னும் பொண்ணுங்க போறாங்களா?" என்று கேட்டாள்.

"போறாங்க."

"அப்ப நான் சொல்லித் தர்றேன்."

ஞாயிற்றுக்கிழமைகளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு துணிக்கடை மாடிப்படி ஏறி வந்து பாடம் நடத்தினாள். முதல் பாடமே 'இல்லை' என்பதுதான். லா. "சத்தமா!" என்பாள். அப்புறம் 'எனக்கு உடம்பு சரியில்லை', 'என் பாஸ்போர்ட்டைக் கொடுங்க', 'நான் தூங்கணும்'. வெளிநாடு போகக் காத்திருந்த தெமோதரைப் பெண்கள் முதலில் வாய்க்குள்ளேயே முணுமுணுத்தார்கள். மூன்றாவது வாரம் கீழே கடையில் துணி பார்த்தவர்கள் மேலே அண்ணாந்து பார்க்கிற அளவுக்குக் கத்தினார்கள். பெண் குழந்தை பிறந்து ஒரு மாதம் மட்டும் வகுப்பு நின்றது. அவளுடைய விசா நீட்டிப்புக்குக் கடிதம் எழுதி, கூடவே கொழும்புக்குப் போனது சங்கம்தான்.

இந்த வருஷக் கூட்டத்தில் அவளை உபதலைவியாகப் போடலாம் என்றேன். பின்வரிசையிலிருந்து ஒருத்தி, "வெளிநாட்டுக்காரியையா?" என்றாள்.

நான் பதில் சொல்ல எழுந்தேன். அதற்குள் அவளே குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு முன்னால் போனாள். லயத்தில் பழகிய தமிழில், "ஆமாங்க, நான் வெளிநாட்டுக்காரிதான். நீங்களும் அங்க இருந்தப்ப வெளிநாட்டுக்காரிதானுங்களே? அங்க யாரும் உங்களுக்கு உதவி செய்யலன்னா, இங்க நான் செய்யக் கூடாதுங்களா?" என்றாள்.

பின்வரிசையிலிருந்து கேட்டவள்தான் அவளுக்கு ஆதரவாக முதலில் கையைத் தூக்கினாள்.