அண்ணனும் ஒரு சோதனையும்

உளவியல் இரண்டாம் ஆண்டில், வீட்டில் யாரையாவது வைத்து ஞாபகசக்திச் சோதனை செய்துவரச் சொன்னார்கள். பீர்க்கன்கரணை வீட்டில் என் அண்ணன் வேலையை விட்டுவிட்டு அறைக்குள் அடைந்துகிடந்த காலம் அது. டாக்டரிடம் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான்.

"இந்த டெஸ்டுக்கு எனக்கு மார்க் வேணும், அண்ணா," என்றேன்.

எழுந்து வந்து ஹாலில் உட்கார்ந்தான். நான் வாசித்த சொற்களைக் கண்ணை மூடிக்கொண்டு கிட்டத்தட்ட அப்படியே திருப்பிச் சொன்னான். அம்மா சமையலறை வாசலிலேயே நின்று அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு இன்னொரு டெஸ்ட் பண்ணலாமாண்ணா?"

"அதுக்கும் மார்க் உண்டா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "இல்ல. சும்மா, பேசிட்டு இருக்கலாம்னுதான்."

"அப்ப வேணாம், விடு," என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

அந்தச் சோதனைக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது. பிறகு பட்டமும் வாங்கினேன். மனச்சோர்வைப் பற்றி நிறையப் படித்தேன். படித்த எதையும் அவன் கேட்கத் தயாராக இல்லை.

"நீ இதுக்குத்தானே படிச்ச? ஏதாவது பண்ணேன்," என்று அம்மா இன்றும் கேட்கிறாள். சாப்பாட்டுத் தட்டை அவன் அறை வாசலில் வைத்துவிட்டு, கதவை ஒருமுறை தட்டிவிட்டு வருகிறேன்.