கன்னத்தில் வைத்துப் பார்த்த ஓடு

சூளைக்காரர் என்றுதான் ஊரே அவரைக் கூப்பிடும். பெயர் சொல்லிக் கூப்பிட வீட்டில் ஆளில்லை. ஒண்டிக்கட்டை. ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு ஸ்டவ். பேச்சுத் துணைக்கு ஒரு ரேடியோ. அதுவும் பாதி நாள் கரகரவென்று இழுக்கும்.

பக்கத்துத் தெருவில்தான் தம்பி குடும்பத்தோடு இருக்கிறார். ஆனால் இருவரும் முகம் கொடுத்துப் பேசி வருஷக்கணக்காகிறது. அம்மாவின் உயிர் போன அன்று சூளை எரிந்துகொண்டிருந்தது. பற்றவைத்த சூளையைப் பாதியில் விட்டால் உள்ளே இருப்பதெல்லாம் பாழ். இவர் விடவில்லை. போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. "இனிமே அந்தச் சூளையவே கட்டிக்கிட்டு அழு" என்று தம்பி வாசலில் நின்று சொன்னதுதான் கடைசிப் பேச்சு. சொன்னதில்தான் என்ன தப்பு?

நகராட்சிக்குத் திடீரென்று ஞானோதயம் பிறந்தது. ஒரு காலத்தில் சுடுமண் ஓட்டு வேலைக்குப் பேர்போன ஊராம். வெளியாட்கள் வந்து பார்க்கும்படி ஏதாவது செய்தால் நாலு கடை பிழைக்குமாம். பஸ் நிலையத்து நீளச் சுவர் முழுக்கச் சுடுமண் ஓடு பதிப்பது என்று முடிவாயிற்று. வீட்டுக்கு ஓர் ஓடு. பச்சை மண்ணில் வீட்டார் அத்தனை பேரும் உள்ளங்கையைப் பதித்துத் தர வேண்டும். பொறுப்பு ஓவிய டீச்சருக்கு, சுடும் வேலை இவருக்கு. ஊரில் சூளை தெரிந்த வேறு ஆள் இப்போது கிடையாது.

தம்பி வீட்டு ஓடும் வந்தது. தம்பி கை, அவர் மனைவி கை, இரண்டு பிள்ளைகளின் குட்டிக் கைகள். இதைப் பழுதில்லாமல் சுட்டுக் கொடுத்தால் ஒரு வார்த்தையாவது பேசமாட்டானா என்று இவர் மனசு அடித்துக்கொண்டது.

சுடுவதற்கு முன் எந்த ஓட்டையும் கன்னத்தில் வைத்துப் பார்ப்பது இவர் வழக்கம். சில்லென்றிருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, இன்னும் காய வேண்டும்; ஈரத்தோடு சூளையில் வைத்தால் வெடித்துவிடும். தம்பி வீட்டு ஓட்டையும் அப்படித்தான் வைத்தார். தம்பியின் உள்ளங்கைக் குழி கன்னத்தில் பட்டது. எடுக்க மனசு வரவில்லை. எவ்வளவு நேரம் அப்படியே நின்றாரோ, கன்னத்துச் சூட்டிலேயே ஓடு வெதுவெதுப்பாகிவிட்டது. காய்ந்துவிட்டது என்று எண்ணிச் சூளையில் அடுக்கிவிட்டார். இத்தனை வருஷ அனுபவமும் அன்றைக்கு எங்கே போயிற்றோ!

சூளையைப் பிரித்தபோது அந்த ஓடு மட்டும் சுக்குநூறாகக் கிடந்தது.

டீச்சர் போய்ச் சொன்னதும் தம்பி கொதித்துப்போனார். "வேணும்னே ஒடச்சிருக்கார் மேடம். வேற ஒண்ணு செஞ்சு தர்றோம். ஆனா அவர் கை படக் கூடாது. வேற ஆள வச்சுச் சுடுங்க. இல்லன்னா எங்க ஓடே வேணாம்."

அதைச் சூளைக்காரரிடம் சொல்வதற்குள் டீச்சருக்கு வியர்த்துவிட்டது.

"வெளியூர்லேருந்து ஒருத்தர் வந்து சுடுறார்னு சொல்லிடுங்க டீச்சர்."

"பொய் சொல்லச் சொல்றீங்களே?"

"அவங்க வீட்டுக் கை சுவத்துல இல்லாம போயிடக் கூடாது. என் பேரு எதுக்கு?"

இரண்டாவது ஓட்டை இவர் கன்னத்தில் வைக்கவே இல்லை. புறங்கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்து, நாள் கணக்கில் நிழலில் காயவிட்டு, சூளையில் நல்ல இடமாகப் பார்த்து அடுக்கினார். செக்கச்செவேலென்று வந்தது.

சுவர் முடிந்த அன்று ஊரே திரண்டுவிட்டது. ஆளாளுக்குத் தங்கள் வீட்டுக் கைகளைத் தேடிப்பிடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். சூளைக்காரர் ஓரமாகக் குந்தி, ஓடுகளின் மேல் வழிந்திருந்த சிமெண்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். தம்பி இவரைப் பார்க்காதவர்போலத் தாண்டிப் போய், தன் வீட்டு ஓட்டைத் தடவிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"சுட்டவர் நல்ல வேலைக்காரர் மேடம். ஊருக்குப் போயிட்டாரா? இருந்தா ஒரு நாள் நம்ம வீட்டுக்குச் சாப்பிட வரச் சொல்லுங்க."

டீச்சர் சூளைக்காரரைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். வேண்டாம் என்று இவர் தலையை ஆட்டினார்.

"சொல்றேன்" என்றார் டீச்சர்.

இவர் துணியைப் பிழிந்துவிட்டு அடுத்த ஓட்டைத் துடைக்க நகர்ந்தார். தம்பி சாப்பிடக் கூப்பிட்டது இவரைத்தான். போகத்தான் முடியாது.